எலுமிச்சைக் கொழுந்தும் மருந்துப் பம்பும்

செடிக்கு ஏதாவது ஒன்று என்றால் நம்மவர்களிடமிருந்து உடனே வருகிற கேள்வி, "என்ன மருந்து அடிச்சீங்க?" என்ன பூச்சி என்று கேட்பவர் குறைவு. பூச்சிதானா என்று கேட்பவர் இன்னும் குறைவு. இந்தக் கேள்வி ரொம்ப நாளாக எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. காரணம் எங்கள் வீட்டு எலுமிச்சை மரம். பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்குத் தெரியும், பின்பக்கக் கால்வாய்க்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் மண் கிடைத்தால் போதும், அதில் ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை, இடம் மிச்சமிருந்தால் ஒரு முருங்கை வந்துவிடும். எங்கள் எலுமிச்சை நட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. ஊறுகாய்க்கும் வெள்ளிக்கிழமை விளக்குக்கும் அதுதான். தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுப்பவர்கள் கேட்டு வந்தாலும் அந்த மரத்தில்தான் பறித்துக் கொடுக்கிறோம். அம்மாவுக்கு அதன் இலையும் வேண்டும். இளசாகப் பறித்து, மிளகாயும் பெருங்காயமும் உப்பும் சேர்த்து இடித்து, வேப்பிலைக்கட்டி செய்து வைப்பார். கஞ்சிக்கு அது இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை.

பினாங்கில் தைப்பூசம் வரைக்கும் வெயில் வாட்டும். அப்புறம் ஒரு நல்ல மழை விழுந்ததும் எலுமிச்சை மரம் முழுக்க ஒரே மூச்சில் தளிர்க்கும். அந்தத் தளிரில்தான் கோடுகள் வந்தன. ஒவ்வொரு இலையிலும் வளைந்து வளைந்து போகும் வெள்ளிக் கோடு. சில இலைகள் ஓரம் மடங்கிச் சுருண்டு கிடந்தன. படம் எடுத்துத் எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்சாப் குழுவில் போட்டதும் பதில்கள் குவிந்தன. நத்தை ஊர்ந்த தடம் என்றார் ஒருவர். பூஞ்சாணம் என்றார் இன்னொருவர். வைரஸ், மரத்தையே வெட்டிவிடுங்கள் என்றது ஒரு குரல் பதிவு. காய்க்கிற மரத்தின் மீது கண் பட்டிருக்கிறது என்று ஒரு பெரியம்மா சொன்னார். நோயின் பெயரில் இத்தனை வேறுபாடு இருந்தும், செய்ய வேண்டியது என்ன என்பதில் எல்லோரும் ஒரே கட்சி. மருந்து அடி. நர்சரியில் கேட்டபோதும் அதே பதில்தான். ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்து, தண்ணீரில் கலந்து வேரில் ஊற்றினால் போதும், மரமே உறிஞ்சிக்கொள்ளும் என்றார்கள்.

அம்மாவுக்கும் இதில் சந்தேகமே இல்லை. "பூச்சி வந்துருச்சுல்ல, அடிச்சு வுட்டுரு. முத்த வுட்டா மரமே போயிரும்" என்றார். எனக்கு அடிக்க மனமில்லை. ஆனால் மனமில்லை என்பது ஒரு காரணம் ஆகாது. மரம் பட்டுப்போனால் என் மனதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அம்மா சொல்வதை நான் சும்மா தள்ளிவிட முடியாது. கெடாவில் ஒரு தோட்டத்தில், ரப்பர் போய் செம்பனை வந்த காலத்தில், அவர் மருந்தடிக்கும் கூட்டத்தில் இருந்தவர். விடியும் முன் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு, அப்புறம் முதுகில் 16 லிட்டர் பம்பு. ஒரு கை பம்பை அடிக்கும், மறு கை குழாயைப் பிடித்திருக்கும். கையுறை போட்டால் உள்ளே வியர்வை தேங்கிக் கை நழுவும் என்று யாரும் போடுவதில்லை. அடித்த சில நாட்களில் லாலான் புல் எல்லாம் பொசுங்கிக் கிடக்கும் என்பார். மருந்து வேலை செய்யும் என்பதை அவர் தன் கண்ணால் பார்த்தவர். அவருடைய வலது கட்டைவிரல் நகம் இன்று வரை ஒழுங்காக வளர்வதில்லை, அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பாராகுவாட் என்ற அந்தக் களைக்கொல்லியின் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை, அது அவர்களுக்கு வெறும் "மருந்து". தோட்டத்துப் பெண்கள் என்ன பாடு படுகிறார்கள் என்று பெண்கள் உரிமைக்காகப் போராடும் தெனகானித்தா அமைப்பு 2002இல் அறிக்கை வெளியிட்டது. அதே வருடம் அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தது. 2006இல் அந்த முடிவு தளர்ந்தது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1இல்தான். அம்மா மருந்தை நம்புவதற்கும் நான் பயப்படுவதற்கும் அந்த ஒரே பம்புதான் காரணம். அதனால் பயத்தையும் நம்பிக்கையையும் ஒதுக்கி வைத்துவிட்டு, இலையில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க நினைத்தேன்.

கோடுகளைப் படிப்பது

பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் போதும். நத்தைத் தடம் என்றால் ஈரத் துணியால் துடைத்ததும் போய்விடும், இது போகாது. கோடு இலைக்கு மேலே இல்லை, உள்ளே இருக்கிறது. தொடங்கும் இடத்தில் நூல் மாதிரி மெலிதாக இருந்து, போகப் போக அகலமாகிறது. நடுவில் ஒரு கறுப்பு இழை ஓடுகிறது. வெள்ளிப் பகுதியை நகத்தால் கீறினால் வெங்காயச் சருகு போல ஒரு மெல்லிய தோல் உரிந்து வரும். இவ்வளவும் பொருந்தினால் அது இலைத் துளைப்பான். ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்ற சின்னஞ்சிறு அந்துப்பூச்சியின் புழு. கல்கத்தாவில் கிடைத்த பூச்சியை வைத்து ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர் 1856இல் இதை முதன்முதலாக விவரித்து எழுதினார். நம் பக்கத்து ஆசியப் பூச்சிதான், பின்னால் உலகம் முழுக்கப் பரவியது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு 1993இல் போய்ச் சேர்ந்தது.

அந்துப்பூச்சி சிறகை விரித்தால் 4 மில்லிமீட்டர்தான். வெள்ளி நிறம், சிறகு நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி. பொழுது சாய்ந்த பிறகு நடமாடும் என்பதால் நம் கண்ணில் படுவதே இல்லை. இளந்தளிரின் அடிப்பக்கத்தில், பெரும்பாலும் நடு நரம்புக்குப் பக்கத்தில், தனித்தனியாக முட்டை வைக்கும். புழு பொரிந்ததும் நேரே இலைக்குள் நுழைகிறது. கால் இல்லாத தட்டையான உடம்பு, வெளிர் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். தோலுக்கு அடியில் இருக்கும் செல்களைக் கிழித்து அந்தச் சாற்றைக் குடித்தபடியே முன்னேறுகிறது. அது போன வழியில் தோல் தூக்கி நின்று உள்ளே காற்று புகுந்துவிடுகிறது, அதனால்தான் வெள்ளி மாதிரி மினுக்குகிறது. கறுப்பு இழை அதன் எச்சம். புழு வளர வளரக் கோடும் அகலமாகிறது. ஆகவே ஒரு கோட்டின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை விரலை ஓட்டினால் ஒரு புழுவின் முழு வாழ்க்கையையும் தொட்டுப் பார்த்துவிடலாம். கடைசியில் அது இலை ஓரத்துக்கு வந்து பட்டு நூல் விடும். நூல் காய்ந்து இறுகும்போது ஓரம் மடங்குகிறது. அந்த மடிப்புக்குள் கூட்டுப்புழு. நம் ஊர் மாதிரி வெப்பமான இடங்களில் முட்டையிலிருந்து பறக்கும் பூச்சி வரை எல்லாம் 2, 3 வாரத்தில் முடிந்துவிடும்.

இங்கே முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தப் புழுவால் ஓர் இலையிலிருந்து இன்னோர் இலைக்குப் போக முடியாது. முற்றிய இலைக்குள் நுழையவும் முடியாது. இளந்தளிர் தடித்து நிறம் மாறியதும் அதன் காலம் முடிந்தது. நம் கண்ணில் பளிச்சென்று படுகிற நீளக் கோடும் ஓர மடிப்பும் ஏறக்குறைய எல்லாம் நடந்து முடிந்த இலையில் இருப்பவை. அந்த நேரத்தில் மேலே தெளிக்கிற மருந்து புழுவின் மேல் படுவதே இல்லை. அதன் தலைக்கு மேல் இலைத் தோல் கூரையாக இருக்கிறது. வாட்சாப் குழுவில் எல்லோரும் அடி அடி என்று சொன்னது, பெரும்பாலும் காலியாகிப்போன வீட்டை இடிக்கச் சொன்னதுதான்.

மற்றவற்றோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. இலை முறுக்கிக்கொண்டு, நுனியில் மெழுகு மாதிரி வெள்ளை இழைகள் தொங்கினால் அது சில்லிட் என்கிற தத்துப்பூச்சி. கறிவேப்பிலைக் கொழுந்திலும் அது பெருகும். எலுமிச்சை வகைகளைக் கொல்லும் பசுமையாதல் நோயைப் பரப்புவதும் அதுவே, ஆகவே அதைக் கண்டால் அசட்டையாக இருக்கக் கூடாது. இலை ஓரத்தைக் கடித்துத் தின்ற மாதிரி இருந்தால் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு, சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே கிடக்கும். கோடே இல்லாமல் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தால் இலைப்பேன். சொரசொரப்பான புண், சுற்றிலும் மஞ்சள் வளையம் என்றால் கேங்கர் என்ற பாக்டீரியா நோய். பயற்றங்காய், தக்காளி இலையிலும் இதே மாதிரிக் கோடு வரும், ஆனால் அது ஈயின் வேலை. அந்தப் புழு முதிர்ந்ததும் இலையை விட்டு இறங்கி, பெரும்பாலும் மண்ணில் கூட்டுப்புழுவாகும். அதற்கு வைத்தியம் வேறு. சாலையோர அங்சானா மரங்களின் இலையில் கொப்புளம் மாதிரி வெளுத்த திட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இலைக்குள் வாழும் ஓர் அந்துப்பூச்சியின் வேலைதான், எலுமிச்சைப் பூச்சிக்குச் சொந்தக்காரக் குடும்பம், ஆனால் கோடு இழுக்காமல் திட்டாகத் தின்கிறது. அந்த மரங்களுக்கு யாரும் மருந்து அடிப்பதில்லை. வருடா வருடம் அவை மஞ்சள் பூவைக் கொட்டத் தவறியதும் இல்லை.

ஊறுகாய் போத்தல்

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. "சரி, இந்த இலை முடிஞ்சு போச்சு. அதுலேருந்து பறந்து போன பூச்சி சும்மாவா இருக்கும்? அடுத்த கொழுந்துல முட்ட வைக்காதா?" நியாயமான கேள்வி. வைக்கும். அப்படியானால் இத்தனை வருடமாக மரம் எப்படி இருக்கிறது என்பதுதான் அதற்கு மறு கேள்வி. பதில் இரண்டு பேரிடமும் இல்லை.

கோடு விழுந்த இலைகள் கொஞ்சத்தைக் கிளையோடு பறித்து, கழுவிக் காயவைத்த ஊறுகாய் போத்தலில் போட்டு, வாயில் மெல்லிய துணியைக் கட்டிச் சமையலறை ஜன்னல் ஓரம் வைத்தேன். உள்ளே ஈரம் வற்றாமல் இருக்க ஒரு நனைந்த பஞ்சு. லிட்டில் இந்தியாவில் நகைக்கடை வைத்திருக்கும் உறவுக்காரர் ஒருவரிடமிருந்து, வைரம் பார்க்கிற பூதக்கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தேன். அம்மாவுக்குக் கண் புரை எடுத்த பிறகு பார்வை தெளிவு, என்னைவிட அவரே நன்றாகப் பார்த்தார். ஒரு கோட்டின் முனையில் உயிரோடு ஒரு புழு இருந்தது. தலையை இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டி வெட்டிக்கொண்டு போனது, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதன் முன்னால் பச்சை கொஞ்சம் குறைந்தது. உடம்பு கண்ணாடி மாதிரி, உள்ளே போகிற சாறு தெரிந்தது. அம்மா ரொம்ப நேரம் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

பக்கத்து இலையில் வேறு காட்சி. கோடு பாதியிலேயே நின்றுவிட்டிருந்தது. ஓரத்துக்கு வரவில்லை, மடிப்பும் இல்லை. முனையில் புழு இருக்க வேண்டிய இடத்தில் வதங்கிய தோல் மட்டும் ஒட்டிக் கிடந்தது. அதை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் கறுப்பாக ஒரு கூட்டுப்புழு. அதற்குப் பக்கத்தில் சில கறுப்புத் துகள்கள். அது அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. பட்டு நூல் எதுவும் இல்லை, இடமும் அது இல்லை. "இது வேற என்னமோ" என்றார் அம்மா. அவரே அந்த இலையைத் தனியாக எடுத்துச் சின்ன போத்தலில் போட்டு வைத்தார்.

சில நாளில் பெரிய போத்தலில் வெள்ளி அந்துப்பூச்சிகள் வந்தன, துணியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தன. சின்ன போத்தலில் வந்தது அந்துப்பூச்சி இல்லை. எறும்பைவிடச் சின்னதாக, கறுப்பாக, கண்ணாடிச் சிறகோடு ஒரு குளவி. அதாவது, இலைக்குள் ஒளிந்திருந்த புழுவை வெளியிலிருந்தே கண்டுபிடித்து, இலைத் தோலைக் குத்தித் துளைத்து, அதன் மேல் முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறது அதன் தாய். அந்த முட்டையிலிருந்து வந்த குளவிப் புழு, இலைத் துளைப்பானைத் தின்று முடித்து அதே சுரங்கத்தில் கூட்டுப்புழுவாகி, இதோ வெளியே வந்துவிட்டது. நம் மருந்து எட்டாத இடத்துக்கு இது எட்டியிருக்கிறது. இலைத் துளைப்பானைத் தாக்குகிற ஒட்டுண்ணிக் குளவிகள் ஆசியாவில் பல இனம் உண்டு. 1993இல் பூச்சி போய் இறங்கிய ஃப்ளோரிடாவில் அப்படிப்பட்ட ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. அகெனியாஸ்பிஸ் சிட்ரிகோலா என்ற அந்தக் குளவியின் பூர்வீகம் இந்தத் தென்கிழக்கு ஆசியாதான். அவர்கள் காசு கொடுத்து, ஆராய்ந்து, கொண்டுபோன மாதிரியான உயிர்கள் நம் பின்கட்டில் கூப்பிடாமலே வந்து வேலை செய்கின்றன.

அம்மா கேட்டது ஒன்றுதான். "மருந்து அடிச்சா இதுவும் செத்துரும்ல?" சாகும். புழுவாவது இலைத் தோலுக்கு அடியில் பாதுகாப்பாக இருக்கிறது, குளவி திறந்த வெளியில் இலை இலையாக நடந்து தேடுகிறது. நாம் தெளிக்கிற மருந்து முதலில் கொல்வது அதைத்தான். எனக்குத் தேவைப்பட்ட காரணம் அந்தச் சின்னப் போத்தலில் கிடைத்தது.

தோட்டத்து எட்டு மணிப் பூ

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா தானாகவே ஒரு விஷயம் சொன்னார். தோட்டத்தில் கடைசி வருடங்களில் செம்பனை நிரைக்குப் போகும் பாதை ஓரம் பூச்செடி நடச் சொன்னார்களாம். காலை எட்டு மணி வாக்கில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடுகிற வெள்ளைப் பூ, நடுவில் கருமை. மலாய்க்காரர்கள் புங்ஙா புக்குல் லாப்பான், அதாவது எட்டு மணிப் பூ, என்பார்கள். அழகுக்கு நடுகிறார்கள் என்றுதான் இவர்கள் நினைத்திருக்கிறார்கள். அது டர்னெரா. செம்பனை ஓலையைத் தின்கிற பைப்புழுவுக்கு எதிரியான ஒட்டுண்ணிகளுக்குத் தேன் கொடுப்பதற்காக மலேசியத் தோட்டங்களில் திட்டமிட்டு நடப்படும் செடி. தன் கையால் நட்டதற்குக் காரணம் இப்போதுதான் தெரிகிறது என்றார்.

இதன் பின்னால் நம் நாட்டுக் கதை ஒன்று இருக்கிறது. அதைத் தோட்டத்து மக்களிடம் யாரும் சொன்னதில்லை என்பது எனக்கு வருத்தம். 1960களின் தொடக்கத்தில் சபாவில் கொக்கோ பயிரிட்டார்கள். பூச்சி வந்தது. டிடிடி போன்ற கடுமையான மருந்துகளை அடித்தார்கள். பூச்சி குறையவில்லை, புதுப் புதுப் பூச்சிகள் கிளம்பின. அங்கே வேலைக்கு வந்த கோர்டன் கான்வே என்ற இளம் பூச்சியியலாளர், மருந்தே பூச்சியின் எதிரிகளைக் கொன்று நிலைமையை மோசமாக்குகிறது என்று பார்த்து, அடிப்பதை நிறுத்தச் சொன்னார். நிறுத்தியதும் ஒட்டுண்ணிகள் திரும்பி வந்தன, பூச்சிகளில் பல அடங்கின. தீபகற்பத்தில் செம்பனையிலும் பைப்புழு வெடித்துப் பரவியதற்கு இதேபோன்ற மருந்துகள் காரணம் என்பதை பிரையன் வுட் அதே காலகட்டத்தில் எடுத்துக் காட்டினார். இவ்வளவு பாடமும் இந்த மண்ணிலேயே நடந்திருக்கிறது. அதற்குப் பிறகும் எத்தனையோ வருடங்கள் நம் பெண்கள் முதுகில் பம்பைச் சுமந்தார்கள். அவர்கள் அடித்தது பெரும்பாலும் களைக்கொல்லி, அது வேறு கணக்கு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அடித்தால்தான் தோட்டம் என்ற எண்ணம் நம் வீடுகளுக்குள் வந்தது அந்த வழியாகத்தான்.

டெங்கிக்குப் புகை அடிக்கும்போதும் இந்தக் குளவிகள் சாகத்தான் செய்யும். அதை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். டெங்கியில் மனிதர்கள் சாகிறார்கள், எங்கள் வரிசையிலேயே ஒரு பையன் பிழைத்து வந்தது பெரும்பாடு. ஓர் உயிரைக் காப்பாற்றுவதற்கும் ஓர் இலையின் அழகைக் காப்பாற்றுவதற்கும் ஒரே அளவுகோல் இல்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் என்ன செய்வது

நான்கு, ஐந்து வயது தாண்டிய, நன்றாக இலை வைத்திருக்கும் மரம் என்றால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அந்த அளவு சேதத்தை மரம் தாங்கிக்கொள்ளும், காய்ப்பு குறைவதில்லை. கோடு விழுந்த இலைகளைக் கிள்ளி எறியாதீர்கள். கோட்டுக்கு வெளியே இருக்கும் பச்சை இன்னும் மரத்துக்குச் சோறு ஆக்கிக்கொண்டுதான் இருக்கிறது. பாதியில் நின்ற கோடுகளுக்குள் குளவிகளும் இருக்கலாம். எங்கள் பக்கத்து வரிசையில் ஓர் அண்ணன், பார்க்கச் சகிக்கவில்லை என்று மரத்தை மொட்டையாகக் கழித்துவிட்டார். வெட்டிய இடமெல்லாம் அடுத்து இளந்தளிராகவே கிளம்பியது. இலைத் துளைப்பானுக்கு வேண்டியது இளந்தளிர் ஒன்றுதானே, அந்த மரத்தில் ஓர் இலை மிச்சமில்லாமல் கோடு விழுந்தது. உரமும் அப்படித்தான். யூரியாவை அள்ளிப் போட்டால் மரம் ஓயாமல் கொழுந்து விடும், பூச்சிக்கும் ஓயாமல் வேலை இருக்கும். அடிமரத்திலிருந்து நெட்டையாகக் கிளம்பும் போத்துகளை மட்டும் அவ்வப்போது ஒடித்துவிடலாம், அவை எப்போதும் இளசாகவே இருந்து பூச்சியை வளர்ப்பவை.

சின்னக் கன்றுகள், தொட்டியில் இருக்கும் லிமாவ் கஸ்தூரி என்கிற சிறு எலுமிச்சை, இவற்றின் விஷயம் வேறு. இருப்பதே கொஞ்சம் இலை, அதிலும் பாதி போனால் வளர்ச்சி நின்றுவிடும். சமையலுக்கு இலை பறிக்கும் லிமாவ் பூருட் எலுமிச்சை வளர்ப்பவர்களுக்கு இலைதானே அறுவடை. இங்கே காப்பாற்ற வேண்டியது கோடு விழுந்த இலையை இல்லை, இன்னும் கோடு விழாத தளிரை. தோட்டச் செடிக்கென்று விற்கும் வெள்ளை எண்ணெயை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வீதம் கலந்து, தளிர் விரலை நீட்டுகிற பருவத்திலேயே, இலையின் இரு பக்கமும், குறிப்பாக அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். எண்ணெய்ப் படலம் இருக்கும் இலையில் அந்துப்பூச்சி முட்டை வைக்கத் தயங்கும். வேப்பெண்ணெயும் இதே மாதிரி உதவும், தண்ணீரில் கலப்பதற்குக் கொஞ்சம் மிதமான சோப்பு வேண்டும். மாலை வெயில் இறங்கிய பிறகு தெளியுங்கள், உச்சி வெயிலில் எண்ணெய் பட்டால் இலை பொசுங்கும். மழை கழுவிவிட்டால் திரும்பத் தெளிக்க வேண்டும். தளிர் முற்றியதும் நிறுத்திவிடலாம். பினாங்கு மழையில் இது சலிப்பான வேலைதான், ஆனால் தளிர்ப் பருவம் நீண்ட நாள் இருப்பதில்லை.

நர்சரியில் மேசையில் வைத்த அந்தப் பொட்டலம் இமிடாக்ளோப்ரிட். வேரில் ஊற்றினால் மரம் உறிஞ்சி இலைக்குக் கொண்டுபோகும் என்பது உண்மை, இலைக்குள் இருக்கும் புழுவைக் கொல்லும் என்பதும் உண்மை. ஆனால் அது இலையோடு நிற்காது. பூவின் தேனுக்கும் மகரந்தத்துக்கும் போகும். தேனீக்களுக்கு ஆபத்து என்றுதான் 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் திறந்தவெளியில் அதைப் பயன்படுத்தத் தடை போட்டது. எங்கள் எலுமிச்சை பூக்கும்போது கெலுலுட் என்கிற கொடுக்கில்லாத் தேனீக்கள் காலை முழுக்க மொய்க்கும். அதைவிட எனக்கு நேரான கேள்வி, அந்த இலையை இடித்துச் செய்த வேப்பிலைக்கட்டியை அம்மாவுக்கு எப்படிக் கொடுப்பது? யாராவது அடிக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தால், குறைந்தது மருந்தின் பெயரையும் எந்தப் பயிருக்கு, எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதையும் லேபிளில் படியுங்கள். லேபிளே இல்லாமல் போத்தலில் பிரித்து விற்பதை வாங்காதீர்கள். பூச்சிமருந்துகளைப் பதிவு செய்துதான் விற்க வேண்டும் என்று இங்கே 1974ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தில் நான் கவனமாக இருக்கிறேன். இலைத் துளைப்பான் கிழித்த இடம் ஒரு திறந்த புண். ஈரமான ஊரில் கேங்கர் பாக்டீரியாவுக்கு அது நல்ல வாசல், எலுமிச்சையோ கேங்கருக்குச் சீக்கிரம் பணிகிற மரம். அதனால் மழைக்காலத்தில் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். மஞ்சள் வளையப் புண் தெரிந்தால் அந்தச் சிறு கிளையை மட்டும், காய்ந்த நாளில், கத்தியைக் கழுவி வெட்டி எடுத்துவிடுகிறோம். கேங்கர் ஏற்கெனவே இருக்கிற வீடுகளில் பெரிய மரத்துக்கும் தளிர் நேரத்தில் எண்ணெய் தெளிப்பதில் அர்த்தம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை.

இதில் அம்மா முழுக்க என் பக்கம் வந்துவிட்டார் என்று சொல்ல மாட்டேன். தொட்டியில் இருக்கும் கஸ்தூரிக் கன்றுக்கு எண்ணெய் போதாது, "கொஞ்சமா" மருந்து அடிக்கலாம் என்கிறார். எண்ணெய் தெளிக்கும் கைப்பம்பை அவரிடமே கொடுத்துவிட்டேன், அடிப்பக்கம் நனைகிற மாதிரி என்னைவிட அவர் நேர்த்தியாக அடிக்கிறார். கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னால் வெறும் எண்ணெய்க்கு எதற்கு என்று கேட்கிறார், ஆனாலும் போட்டுக்கொள்கிறார். பெரிய மரத்தில் ஒரு கிளை பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டிப் போகிறது. இப்போதே வெட்டு என்கிறார். இந்தத் தளிர் முற்றட்டும், ஜனவரி வெயிலில் பூச்சி குறைவாக இருக்கும்போது ஒரே தடவையாக வெட்டிக்கொள்ளலாம் என்று பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.